காட்டை அழித்தது யார்? கம்ப்யூட்டர் விளையாட்டு சொல்லுமா?

சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்ச் சேரலாம். தூரம் ஏறக்குறைய 15 கிலோ மீட்டர். படகில் உட்கார்ந்து கால்வாய்க்குள் புகுந்துவிட்டால் வெயில் மறைந்துவிடும். இரு பக்கமும் சுரபுன்னை மரங்கள். அவற்றின் வேர்கள் கால்களைப்போல் தண்ணீரில் ஊன்றி நிற்கும். கொக்கும் நாரையும் சேற்றில் நடக்கும். துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இராது. 1975-ல் வெளிவந்த "இதயக்கனி" படத்துக்காக எம்.ஜி.ஆர். வந்து நடித்த இடம் இது.

படகில் வரும் பெரியவர்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். பிள்ளைகளில் சிலர் தலை நிமிர்வதே இல்லை! கையில் செல்போன். அதில் யாரோ யாரையோ சுடுகிறார்கள். விரல் ஓயாமல் ஓடுகிறது.

"இந்த விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்பது பெற்றோர்களின் புகார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பணம் வைத்து ஆடும் விளையாட்டுகள் குடும்பங்களைக் குலைத்ததால்தான் தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் வந்தது. 2025-ல் மத்திய அரசும் சட்டம் கொண்டு வந்தது.

ஆனால், வேறு ஒரு கட்சியும் இருக்கிறது. "கெடுக்க முடிகிற விளையாட்டால், திருத்தவும் முடியும் அல்லவா?" என்று அவர்கள் கேட்கிறார்கள். ஏ.ஐ. என்னும் செயற்கை அறிவைச் சேர்த்து விளையாட்டு செய்தால், ஆடுகிறவனுக்கு இரக்கமும் நேர்மையும் வளரும் என்பது அவர்கள் வாதம்.

நடக்கிற காரியமா இது? பிச்சாவரம் காட்டையே வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

தாயக்கட்டை போட்ட வழி

நல்லது கெட்டதை விளையாட்டில் வைப்பது நமக்குப் புதிது அல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கும் வீடுகளில் பரமபத சோபான படம் விரிப்பார்கள். நூற்றுக்கு மேற்பட்ட கட்டங்கள். நற்குணத்தில் கால் வைத்தால் ஏணி. தீய குணத்தில் கால் வைத்தால் பாம்பு. பரமபதத்துக்குப் பக்கத்தில் போய், பாம்பின் வாயில் விழுந்து கீழே வந்தவனைப் பார்த்து வீடே சிரிக்கும். நம் நாட்டின் இந்த விளையாட்டுதான் கப்பல் ஏறிப் போய், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக் கடைகளில் "பாம்பும் ஏணியும்" என்று விற்பனைக்கு வந்தது.

இதில் ஒரு குறை உண்டு. ஆடுகிறவன் எதையும் தீர்மானிப்பது இல்லை. தாயக்கட்டை தீர்மானிக்கிறது. ஐந்து விழுந்தால் ஏணி, ஆறு விழுந்தால் பாம்பு. பாம்பு கடித்தவன் என்ன தப்பு செய்தான்? ஒன்றும் இல்லை!

இந்தக் குறையைக் கம்ப்யூட்டர் தீர்த்தது. 1985-ல் ரிச்சர்ட் கேரியட் என்ற இளைஞர் "அல்டிமா-4" என்ற விளையாட்டை அமெரிக்காவில் வெளியிட்டார். (இவருடைய தகப்பனார் விண்வெளி வீரர். பிள்ளையும் 2008-ல் சொந்தப் பணத்தில் விண்வெளிக்குப் போய் வந்தார்.) கேரியட் செய்த பழைய விளையாட்டுகளில், ஆடுகிறவர்கள் ஜெயிப்பதற்காகக் கடைகளில் திருடினார்கள். அப்பாவிகளைக் கொன்றார்கள். இது அவர் மனத்தை உறுத்தியது. அதனால், கொல்லுவதற்கு ஒரு பெரிய வில்லனே இல்லாத விளையாட்டைச் செய்தார். எட்டு நற்குணங்களில் தேற வேண்டும். தேறியவனுக்குப் பட்டம் "அவதார்". நம்முடைய அவதாரம்தான்!

இந்த விளையாட்டில் மூலிகை விற்கும் கடைக்காரிக்குக் கண் தெரியாது. விலையைச் சொல்வாள். காசை எண்ணி வைப்பது நீங்கள். குறைத்து வைத்தாலும் அவள் வாங்கிக் கொள்வாள். ஒன்றும் கேட்கமாட்டாள். "ஏமாந்தாள்" என்று நீங்கள் சந்தோஷப்படலாம். ஆனால், உங்கள் நேர்மைக் கணக்கில் உள்ளே சத்தம் இல்லாமல் மார்க் குறைந்துவிடும். நெடுநேரம் கழித்துத்தான் அதன் பலன் தெரியும்.

1985-ல் அந்தக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மூளை இருந்திருக்கும்? இன்றைய செல்போனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும், அந்தக் குருட்டுக் கடைக்காரியை ஆடியவர்கள் மறக்கவில்லை.

அடித்து வளர்த்த பிராணி

அடுத்த படி 2001-ல் வந்தது. "பிளாக் அண்டு ஒயிட்" என்பது விளையாட்டின் பெயர். ஆடுகிறவர் ஒரு தீவின் கடவுள். அவருக்கு ஒரு பிராணி உண்டு. குரங்கோ, பசுவோ, புலியோ, எதையாவது தேர்ந்து எடுத்துக் கொள்ளலாம். அந்தப் பிராணி குழந்தை மாதிரி. கிராமத்தானைப் பிடித்துத் தின்றால் அடிக்கலாம். தண்ணீர் ஊற்றி வயலை வளர்த்தால் தடவிக் கொடுக்கலாம். எதற்கு அடித்தீர்கள், எதற்குத் தடவினீர்கள் என்பதை அது நினைவில் வைத்துக் கற்றுக் கொள்ளும். போகப் போக அதன் உருவமே மாறும். கொடுமைக்காரன் வளர்த்த பிராணி கோரமாக ஆகும்.

ஆடுகிறவனுடைய குணம் அவன் கண் எதிரே நாலு காலில் நடக்கிறது! செயற்கை அறிவு விளையாட்டுக்குள் பெரிய அளவில் புகுந்தது இப்படித்தான். அந்த விளையாட்டின் ஆரம்ப நாட்களில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் டெமிஸ் ஹசாபிஸ். இவர்தான் பிறகு "டீப்மைண்ட்" என்ற கம்பெனியைத் தொடங்கியவர். 2024-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

முகம் பார்க்கும் பாடம்

சரி, விளையாடினால் மனம் மாறுகிறதா? அமெரிக்காவில் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு யந்திர மனிதன் வேற்றுக் கிரகத்தில் போய் விழுகிறான். அங்கே உள்ளவர்களின் பாஷை தெரியாது. முகத்தைப் பார்த்து, கோபமா, பயமா, துக்கமா என்று கண்டுபிடித்து உதவ வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இரண்டு வாரம் இதை ஆடவிட்டார்கள். பிறகு மூளையைப் படம் எடுத்தார்கள். பிறர் நிலையை உணர உதவும் பகுதிகளுக்கு இடையே தொடர்பு கூடி இருந்தது. முடிவை 2018-ல் வெளியிட்டார்கள்.

பலன் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இல்லை. அதோடு, முகத்தைப் படிக்கத் தெரிந்தவன் எல்லாம் நல்லவன் ஆகிவிடுவானா? ஏலச் சீட்டு நடத்திவிட்டு ஊரைவிட்டு ஓடுகிறவனும் முகம் பார்த்துப் பேசுவதில் கெட்டிக்காரன்தான்!

சாக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு

இதுவரை வந்த விளையாட்டுகளில், ஆடுகிறவனுக்கு மூன்று நாலு வழிகள் காட்டுவார்கள். அதில் ஒன்றைத் தொட வேண்டும். காரணம் சொல்ல இடம் இல்லை. இப்போது வந்துள்ள ஏ.ஐ. இதை மாற்றுகிறது. விளையாட்டில் வரும் கிழவியிடம் நீங்கள் உங்கள் பேச்சில் பேசலாம். அவள் பதில் சொல்வாள். 2023-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் 25 செயற்கைப் பாத்திரங்களை வைத்து ஒரு சின்ன ஊரையே உண்டாக்கினார்கள். அவை காலையில் எழுந்து வேலைக்குப் போயின. ஒன்றை ஒன்று அழைத்து விருந்து வைத்தன. யாரும் அவற்றுக்கு வசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

இதனால் என்ன லாபம்? இதற்கு லாரன்ஸ் கோல்பர்க் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞரை நினைவுபடுத்த வேண்டும். 1958-ல் அவர் தம் ஆராய்ச்சியில் சிறுவர்களிடம் ஒரு கதை சொன்னார். ஒருவனுடைய மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்து ஒரே ஒருவனிடம்தான் இருக்கிறது. அவன் அநியாய விலை சொல்கிறான். கணவன் மருந்தைத் திருடலாமா?

"திருடலாம்" என்றாலும் "கூடாது" என்றாலும் கோல்பர்க் கவலைப்படவில்லை. "ஏன்?" என்று கேட்டார். அந்தக் காரணத்தில்தான் ஒருவனுடைய ஒழுக்கத்தின் வளர்ச்சி தெரியும் என்றார். "போலீஸ் பிடிக்கும்" என்று பயந்து திருடாதவன் ஒரு படி. "எல்லாரும் திருடினால் ஊர் என்ன ஆகும்?" என்று யோசிப்பவன் வேறு படி.

பழைய விளையாட்டுக்கு "ஏன்?" என்று கேட்கத் தெரியாது. ஏ.ஐ.க்குத் தெரியும். நீங்கள் சொல்லும் சாக்கைக் கேட்டு, அதில் உள்ள ஓட்டையைக் காட்டி, மேலும் யோசிக்க வைக்க முடியும். நல்ல வாத்தியார் செய்கிற வேலை இது.

ஆனால், இந்த வாத்தியாருக்கு ஒரு கெட்ட பழக்கம். முகஸ்துதி! கேட்பவருக்குப் பிடித்த மாதிரி பேசும். 2025 ஏப்ரலில் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி, தன் சாட்ஜிபிடி-யில் செய்த ஒரு மாற்றத்தை அவசரமாகத் திரும்பப் பெற்றது. எதைச் சொன்னாலும் "ஆகா, அருமை!" என்று அது தலையாட்டியதுதான் காரணம். குருட்டுக் கடைக்காரியை ஏமாற்றியவனிடம், "உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்று சொல்லும் வாத்தியாரிடம் பிள்ளையை அனுப்பலாமா?

பிச்சாவரத்தில் ஆடிப் பார்ப்போம்

இப்போது பிச்சாவரத்துக்கு வருவோம். இந்தக் காட்டை வைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்வதாக நினைத்துக் கொள்ளுங்கள். வருஷம் 1985. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள காடு. நடுவில் பெரிய பெரிய திட்டுகள் மொட்டையாகக் கிடக்கின்றன. மரம் இல்லை. உப்புப் பூத்த சேறுதான் இருக்கிறது. ஒரு பெண் விறகு வெட்டிக்கொண்டு போகிறாள். ஒருவன் மாடுகளைக் காட்டுக்குள் ஓட்டுகிறான்.

யாருக்கு மார்க்கைக் குறைப்பீர்கள்?

"இது என்ன கேள்வி? விறகு வெட்டுகிறவளுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும்தான்!" என்று எவரும் சொல்லிவிடுவார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் சொன்னார்கள். அன்றைய அறிக்கைகளைப் படித்துக் கற்ற ஏ.ஐ.யும் அதையேதான் சொல்லும்.

சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில் இங்கு வந்து ஆராய்ந்தார்கள். கதையே மாறிவிட்டது! வெள்ளைக்காரர் காலத்தில் இருந்து இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மரங்களை ஒட்ட வெட்டி எடுத்து வந்தார்கள். வெட்டினால் தானாக முளைத்துவிடும் என்பது எண்ணம். 1970-கள்வரை இந்த முறை நடந்தது. இது திருட்டு அல்ல, சட்டப்படி நடந்த காட்டு நிர்வாகம்.

மரம் போனதும் மண்ணில் வெயில் நேராக அடித்தது. ஈரம் காய்ந்து மண் அமுங்கியது. நிலம் தட்டு மாதிரி குழிந்தது. ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் குழிக்குள் வந்தது. ஓதம் இறங்கும்போது வெளியே போக வழி இல்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. உப்பு ஏற ஏற, எந்த விதையும் முளைக்கவில்லை.

விறகு வெட்டியவளும் மாடு மேய்த்தவனும் காட்டுக்குக் கொஞ்சம் கஷ்டம் கொடுத்தது உண்மைதான். ஆனால் காடு மொட்டையானதற்குக் காரணம் அவர்கள் அல்ல.

1985-ல் நாம் செய்த விளையாட்டு என்ன கற்றுக் கொடுத்திருக்கும்? ஏழை விறகுக்காரி பாவம் செய்தவள் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். அதுவும் ஒழுக்கப் பாடம் என்ற பெயரில்!

மீன் முள் மாதிரி ஒரு கால்வாய்

பிறகு நடந்தது இதைவிட ருசிகரமானது. ஆராய்ச்சி நிலையத்தாரும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால். இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலே இருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதத் தண்ணீர் உள்ளே வந்து, உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே போயிற்று. கரையில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். கன்று பிடித்துக் கொண்டது.

1986-ல் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் 2002-ல் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, மரப் பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியதாக 2003-ல் எழுதினார்கள்.

வாய்க்கால் வெட்டியவர்களில் இருளர் மக்களும் உண்டு. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இவர்கள். பிடித்த இறாலைப் போட, பனை ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக் கொள்வார்கள். வலையும் படகும் இல்லாத ஏழைகளாக இருந்தார்கள். பழங்குடி என்ற சான்றிதழுக்கே பல காலம் அலைய வேண்டி இருந்தது. மரத்தை வெட்டாமல் பிழைக்க இவர்களுக்கு வேறு வழி கிடைத்ததா என்பதையும் பார்த்துத்தான் அந்தத் திட்டம் நடந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கியது. காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் நிலையத்துப் பேராசிரியர் கதிரேசனும் அவருடைய சகாவும் இந்தப் பகுதியில் 18 கிராமங்களை ஆராய்ந்து, மரங்கள் காப்பாற்றின என்று 2005-ல் எழுதினார்கள். கடலில் இருந்து தூரமும் நிலத்தின் மேடும்தான் முக்கியம் என்று வேறு சிலர் வாதிட்டார்கள். இந்த விவாதத்தையும் விளையாட்டில் சேர்த்தால்தான் அது நேர்மையான விளையாட்டு.

ஆப்பிள் தோட்டத்தில் சண்டை

மேலே சொன்ன டீப்மைண்ட் கம்பெனியார் 2017-ல் ஒரு வேடிக்கை செய்தார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு ஆப்பிள் தோட்டம். பக்கத்தில் ஆப்பிள் இருந்தால்தான் புது ஆப்பிள் முளைக்கும். முழுக்கப் பறித்துவிட்டால் அந்த இடம் மொட்டைதான். பிச்சாவரம் மாதிரியே!

ஏ.ஐ. பாத்திரங்களை அதில் விட்டார்கள். முதலில் அவை வழி தெரியாமல் திரிந்தன. பறிக்கக் கற்றுக் கொண்டதும், போட்டி போட்டுப் பறித்துத் தோட்டத்தையே அழித்தன. பிறகு ஒரு யுக்தியைக் கற்றன. மற்றவர்களைக் கதிரால் அடித்து, சிறிது நேரம் ஆட்டத்தில் இருந்தே விலக்கின. கூட்டம் குறைந்ததும் தோட்டம் மறுபடி தழைத்தது.

யந்திரம் தானாகக் கண்டுபிடித்த நியாயம் இதுதான்: அடுத்தவனை விரட்டு! கிள்ளைப் பக்கத்து மக்கள் உட்கார்ந்து பேசி வாய்க்கால் வெட்டிய வழி அதற்குத் தோன்றவில்லை. அந்தப் பாத்திரங்களுக்குப் பேச வாயும் கொடுக்கப்படவில்லை.

பேச விட்டால் என்ன ஆகும்? ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டத்தில் ஏ.ஐ. இல்லாமலே செய்து காட்டினார்கள். அங்கே நிலத்தடித் தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது. விவசாயிகளை உட்கார வைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அதிகத் தண்ணீர் குடிக்கும் பயிரையோ, குறைவாகக் குடிக்கும் பயிரையோ தேர்ந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று சொல்வார்கள். முதலில் பேசக் கூடாது. பிறகு பேசலாம். ஆட்டம் முடிந்ததும் ஊர்க் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். சூழல் பாதுகாப்புக்கான ஒரு நிறுவனமும், சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரூத் மெய்ன்சன்-டிக் என்ற பெண்மணியும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. விளையாடிய ஊர்களில், தண்ணீரைக் கணக்குப் பார்த்துச் செலவிடும் விதிகளை ஏற்படுத்திக் கொண்டது அதிகம் என்று 2018-ல் எழுதினார்கள்.

இங்கே மார்க் போடுகிறவர் யாரும் இல்லை. "நீ நல்லவன், நீ கெட்டவன்" என்று சொல்லவும் ஆள் இல்லை. கிணறு வற்றுவதை எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அங்கேயும் எல்லா விவசாயியும் மாறிவிடவில்லை.

பிச்சாவரத்துக்கு ஏ.ஐ. விளையாட்டு செய்ய யாராவது புறப்பட்டால், இந்த இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஓதம் ஏறுவதும் இறங்குவதும், உப்பு கூடுவதும் குறைவதும் கம்ப்யூட்டர் கணக்கு. அதை அது மனிதனைவிடச் சரியாகப் போடும். விறகுக்காரியாக ஒரு சுற்று, வனத்துறை அதிகாரியாக ஒரு சுற்று, பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்கும் இருளராக ஒரு சுற்று என்று பிள்ளைகள் ஆடட்டும். "ஏன் வெட்டினாய்?" என்று யந்திரம் கேட்கட்டும். ஆனால், அந்த விறகுக்காரி என்ன பேசுவாள் என்பதைக் கிள்ளைப் பக்கத்துப் பெண்களைக் கேட்டு எழுத வேண்டும். புத்தகத்தில் இருந்து யந்திரம் எடுத்துக் கொள்ளக் கூடாது. அவர்கள் பேச்சு புத்தகத்தில் அதிகம் ஏறவில்லை.

பிச்சாவரம் காடு 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலகம் காக்க வேண்டிய ஈர நிலங்களின் பட்டியல் அது. பெருமைதான். ஆனால், மீன் முள் வாய்க்கால்களில் ஒவ்வொரு ஓதமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவந்து போடுகிறது. வாய்க்கால் மேடு தட்டினால் தண்ணீர் மறுபடி தேங்கும். மறுபடி உப்பு ஏறும். ஆகையால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது இடுப்பளவுச் சேற்றில் இறங்கி, மண்வெட்டியால் அதை வாரிப் போட வேண்டி இருக்கிறது.